ஜானி பி. குட் பாட்டை ஹேங்க் மார்வின் பாணியில் வாசிப்பது எப்படி?

மூணாம்ஃப்ரெட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், கிட்டார்காரர் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாட்டைப் பதினைந்து வருடமாக வாசிக்கிறேன். நடுராத்திரியில் எழுப்பிக் கிட்டாரைக் கையில் கொடுத்தாலும் அந்த முகப்பு ரிஃப் (பாட்டைத் தொடங்கிவைக்கிற கிட்டார் வரி) தானாக வந்துவிடும். என் மாமாவுக்கு அது ஆகாது. மாமா கப்பலில் வேலை பார்த்தவர், இங்கிலாந்தில் இறங்கியபோதெல்லாம் ஷேடோஸ் (ஹேங்க் மார்வின் முன்னணிக் கிட்டார் வாசித்த ஆங்கிலேயக் குழு) இசைத்தட்டாக வாங்கிக் குவித்தவர். “ஹேங்க் மார்வின் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார், உன் ஆள் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் மாதிரி மூச்சு விடாமல் கத்திக்கொண்டே இருக்கிறான்” என்பது அவர் கட்சி. எனக்கோ ஷேடோஸ் என்றால் ஹோட்டல் லிஃப்டில் கேட்கிற இசை. போன மாதம் சண்டை முற்றி, “சரிடா, உன் ஜானியை ஹேங்க் வாசித்தால் எப்படி வாசிப்பாரோ அப்படி வாசித்துக் காட்டு, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டார். நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன், அதுதான் தப்பு.

இதுவரை செய்தது: ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிட்டார் (அசல் ஃபெண்டர் கம்பெனி இல்லை), பிரிட்ஜ் பிக்கப், எதிரொலி தருகிற டிலே பெடலில் 350 மில்லிசெகண்ட், மூன்று ரிப்பீட், ஆம்ப் முழு க்ளீன். இணையத்தில் கிடைத்த பேக்கிங் டிராக்கை (கிட்டார் மெட்டு இல்லாத பின்னணிப் பதிவு) அசல் வேகத்திலேயே ஓட விட்டேன். முகப்பு ரிஃப்பை வாசித்தால் சுரங்கத்துக்குள் ரயில் போகிற மாதிரி ஒரே இரைச்சல். பாட ஆள் கிடையாது, மாமாவின் நிபந்தனையும் வெறும் கிட்டார்தான் என்பது, அதனால் சரணத்தைக் கிட்டாரிலேயே வாசித்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம், தந்தி ஆபீஸில் கட்டுக்கட்டு என்று தட்டுவது போல ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. வாமி பாரை (சுரத்தை அசைக்க உதவும் கைப்பிடிக் கம்பி) ஆட்டினால் தந்தி ஆபீஸில் நிலநடுக்கம்.

டிலே நம்பர் தப்பா, கீ (சுருதி) தப்பா, இல்லை இந்தப் பாட்டே இதற்கு ஒத்துவராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டேப்எக்கோ எழுதியது:

நம்பர் தப்புதான், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பெர்ரியின் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 168 பீட் ஓடுகிறது. 60,000ஐ 168ஆல் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 357 மில்லிசெகண்ட். நீங்கள் வைத்திருப்பது 350. அதாவது எதிரொலி அடுத்த பீட் மேலேயே, அதுவும் ஒரு மயிரிழை முன்னால் வந்து விழுகிறது. இரண்டாவது ரிப்பீட் 14 முன்னால், மூன்றாவது 21 முன்னால். அதற்குள் நீங்கள் அடுத்த சுரத்தை அடித்திருப்பீர்கள். இரைச்சல் வராமல் என்ன வரும்?

ஹேங்க் ஒலியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முக்கால் பீட் கணக்கில்தான் வைப்பார்கள். 168க்கு அது 268. அதையும் வைத்துப் பாருங்கள், ஆனால் ரிஃப் முழுக்க அரை பீட் சுரங்கள் என்பதால் எதிரொலி அவற்றின் நடுநடுவே போய் உட்கார்ந்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். 140க்கு வந்தால் ஒரு பீட் 428, முக்கால் 321. அங்கே மூச்சு விட இடம் இருக்கிறது. எதிரொலியின் சத்தத்தையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள், புதிதாக பெடல் வாங்கியவர்கள் எல்லோரும் அதைக் கூட்டித்தான் வைப்பார்கள். நானும் வைத்தேன்.

ஹேங்க் 1960 வாக்கில் வைத்திருந்தது மியாஸி என்ற இத்தாலிய டேப் எக்கோ மெஷின். டேப்பைப் படிக்கிற ஹெட் பல கொண்டது, எதிரொலிகள் ஒரே சீரான இடைவெளியில் வராது, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வரும். டேப் என்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். உங்கள் டிஜிட்டல் பெடல் மூன்று தடவையும் அதே கூர்மையோடு திருப்பிச் சொல்லும். டோன் குமிழ் இருந்தால் இருட்டுப் பக்கம் திருப்புங்கள்.

அப்புறம் ஸ்ட்ரிங். என்ன செட் போட்டிருக்கிறீர்கள்? 009 (மெல்லிய செட்) என்றால் கழற்றி எறியுங்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வாசித்தது கனமான ஸ்ட்ரிங், மூன்றாவதுகூடச் சுற்றுக்கம்பி (மேலே இன்னொரு கம்பி சுற்றியது). 012க்குப் போனால் கிட்டார் வேறு கிட்டார் ஆகிவிடும்.

ஒரு கொசுறு. ஷேடோஸ் பின்னணி வாசித்த பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் 1959ல் அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டரை வரவழைத்து ஹேங்க் கையில் கொடுத்ததே ஒரு தப்புக் கணக்கில்தான். அமெரிக்கக் கிட்டார்காரர் ஜேம்ஸ் பர்ட்டன் ஃபெண்டர் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவ்வளவு பெரிய ஆள் இருப்பதிலேயே விலை உயர்ந்த மாடலைத்தான் வைத்திருப்பார் என்று கேட்டலாகைப் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறார்கள். பர்ட்டன் வைத்திருந்தது ஃபெண்டரின் இன்னொரு மாடல், டெலிகாஸ்டர். அந்தத் தப்பு நடக்காவிட்டால் வாமி பார் இல்லை, உங்கள் மாமா சொல்கிற ஹேங்க்கும் இல்லை.

பழையஎல்பி எழுதியது:

டேப்எக்கோ சொன்னது எல்லாம் சரி, ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு அது கடைசியில் வரவேண்டிய பதில். பெடலை அணைத்துவிட்டு முதலில் பாட்டைப் பாருங்கள்.

பெர்ரி இந்தப் பாட்டை 1958 ஜனவரியில் சிகாகோவில் செஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார். கீ பி ஃப்ளாட். கிட்டார்காரன் தனக்காக யோசித்தால் ஏ, ஈ என்று ஓபன் ஸ்ட்ரிங் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் பிடிப்பான், இவர் பியானோவுக்கும் சாக்ஸுக்கும் வசதியான கீயில் பழகியவர். பதிவில் பியானோ லாஃபயெட் லீக், பாஸ் வில்லி டிக்சன், டிரம்ஸ் ஃபிரெட் பிலோ. நீங்கள் தூக்கத்தில் வாசிக்கிற அந்த முகப்பு ரிஃப்பே பெர்ரியின் சொந்தச் சரக்கு இல்லை. 1946ல் லூயி ஜோர்டன் குழுவின் ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்’ பாட்டின் தொடக்கத்தில் கார்ல் ஹோகன் என்ற கிட்டார்காரர் வாசித்தது கிட்டத்தட்ட அதேதான். தேடிக் கேளுங்கள், தூக்கிவாரிப் போடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஹோகன் ஒற்றை ஒற்றை சுரமாக, ஜாஸ் ஆளின் நிதானத்தோடு வாசித்ததை பெர்ரி எடுத்து, நடுநடுவே இரண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து அடித்து, மூன்றாவது ஸ்ட்ரிங்கை இழுத்து, ஒரு வாசல் அலங்காரமாக இருந்ததைப் பாட்டின் முகமாகவே ஆக்கிவிட்டார். நீங்கள் இப்போது செய்யப் பார்க்கிற வேலையை அவர் உங்களுக்கு முன்பே இன்னொருவரிடம் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது சரணம். அதில் தந்தி ஆபீஸ் கேட்கிறது என்றால் உங்கள் கையில் தப்பில்லை, அங்கே மெட்டே அவ்வளவுதான். பெர்ரி பாடுவதில்லை, கதை சொல்கிறார். ஓரிரு சுரத்தைச் சுற்றிக்கொண்டு சொற்களை வேகமாக அடுக்குகிறார், சுவை முழுக்க அந்தச் சொற்களின் உருளலில் இருக்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எலும்பு. ஹேங்க் என்ன செய்கிறவர்? பாடகன் நிற்கிற இடத்தில் கிட்டாரை நிறுத்துகிறவர். அவருக்கு மெட்டு வேண்டும். ஷேடோஸின் ‘அப்பாச்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்ரி லார்டன் எழுதிய அந்த மெட்டைச் சும்மா வாயால் முணுமுணுத்தாலே போதும், ஊரே கண்டுபிடித்துவிடும். ஜானியின் சரணத்தை முணுமுணுத்துப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. முகப்பை முணுமுணுங்கள், தெரியும்.

ஆகவே என் யோசனை: சரணத்தை மொத்தமாக விட்டுவிடுங்கள். முகப்பைத் தூக்கி நடுவீட்டில் வையுங்கள், அதுதான் உங்கள் மெட்டு. கீயை ஏ ஆக்குங்கள். ரிஃப்பை ஒரு எட்டு சுரம் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கி நாலாவது, ஐந்தாவது ஸ்ட்ரிங்கில், நட் (கிட்டார் கழுத்தின் தலைப்பக்க முனை) பக்கம் வாருங்கள். இரட்டையாக வருகிற இடமெல்லாம் ஒற்றை. மூன்றாவது ஸ்ட்ரிங்கை இழுக்கிற இடத்தில் இழுக்காதீர்கள், கீழே ஒரு ஃப்ரெட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு ஏறுங்கள். அவ்வளவு கனமான சுற்றுக்கம்பியை அவர்கள் இழுத்திருக்க முடியாது, அதனால் அந்தக் காலத்து ஷேடோஸ் பதிவுகளில் பெர்ரி மாதிரியான பெண்ட் (ஸ்ட்ரிங்கை இழுத்துச் சுரத்தை ஏற்றுவது) அபூர்வம். பத்துச் சுரம் இருக்கிற வரியில் ஆறை வைத்துக்கொண்டு நாலைத் தூக்கிவிடுங்கள். எந்த நாலு என்பதுதான் வேலை. வலுவான பீட்டில் விழுகிறதை வைத்துக்கொண்டு, அதற்கு ஓடிவருகிற படிக்கட்டுச் சுரங்களைத் தூக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் காது வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

வரியின் கடைசிச் சுரம் வரும்போது மட்டும் வாமி பார். மார்வின் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பிக் பண்ணுகிறவர், ஆனால் ஆட்டுவது கொஞ்சம்தான். நம் ஊர் வீணைக்காரர் ஒரு சுரத்தில் நின்று லேசாக அசைப்பாரே, அந்த அளவு. மாமாவிடம் இந்த உவமையைச் சொல்லாதீர்கள், அவர் அதற்கும் சண்டைக்கு வருவார்.

பல்லவி இருக்கிறதே, அதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெர்ரி ‘கோ, கோ’ என்று கூப்பிட, கிட்டார் பதில் சொல்லும். அந்தக் கூப்பாட்டை நீங்கள் அடி ஸ்ட்ரிங்கில் பிரிட்ஜ் பக்கம் உள்ளங்கையை வைத்து அமுக்கி இரண்டே சுரமாக வாசித்து, பதிலை மேல் ஸ்ட்ரிங்கில் திறந்து விடலாம். இரண்டும் ஒரே ஆள், ஆனால் இரண்டு குரல்.

ஜானியின் 12 பார் பூகி வடிவம் (பன்னிரண்டு தாளச் சுற்றில் திரும்பி வருவது) ஷேடோஸுக்கு ஒத்துவருமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அவர்களுடைய 1961 முதல் எல்பியில் ‘ஷடூகி’ என்று ஒன்று இருக்கிறது. ஆர்தர் ஸ்மித்தின் ‘கிட்டார் பூகி’யை எடுத்துத் தங்கள் வீட்டுச் சட்டையைப் போட்டுவிட்டது. முதல் பாடமாக அதைக் கேளுங்கள், பிறகு அடி ஸ்ட்ரிங் மெட்டுக்கு அவர்களுடைய ‘எஃப்பிஐ’.

சும்மாவந்தேன் எழுதியது:

நடுவில் வந்து கெடுப்பதற்கு மன்னிக்கவும். இதில் எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம், எதற்கு?

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970 மே மாதம் பெர்க்லியில் இதே பாட்டை வாசித்தார், 1972ல் வந்த ‘ஹெண்ட்ரிக்ஸ் இன் தி வெஸ்ட்’ தொகுப்பில் இருக்கிறது. அவர் யார் மாதிரியும் வாசிக்கவில்லை, அவராக வாசித்தார். பீட்டர் டாஷ் 1983ல் இதை ரெக்கேயாக ஆக்கினார். தாளம் மாறியது, அதோடு பாட்டின் ஊரே மாறியது, லூசியானாவிலிருந்து ஜமைக்காவுக்குக் குடிபெயர்த்துவிட்டார். அவர்கள் செய்தது மறு ஆக்கம். நீங்கள் ஒரு ஆளுடைய பாட்டை இன்னொரு ஆளுடைய குரலில் செய்யப் போகிறீர்கள், இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? இதற்கு நம் ஊரில் பெயர் மிமிக்ரி. கல்லூரி விழாவில் கைதட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

செய்தே தீர்வது என்றால் பாட்டையாவது மாற்றுங்கள். பெர்ரி காலத்து அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலி பாட்டுக்கு மெட்டு உண்டு. ஹேங்க்கே 1996ல் ‘ஹேங்க் ப்ளேஸ் ஹாலி’ என்று முழு ஆல்பமே போட்டிருக்கிறார், பெர்ரிக்கு அப்படி ஒன்று போடவில்லையே. மனுஷனுக்குத் தெரியாதா எது தன் கைக்கு வரும் என்று?

பழையஎல்பி எழுதியது:

பட்டி ஹாலி பற்றிச் சொன்னது நியாயமான பேச்சு, நானும் முதலில் அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் சவால் ஜானி மேல் விடப்பட்டிருக்கிறது, மாமா விட்டுக்கொடுப்பார் என்று தோன்றவில்லை.

மிமிக்ரி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹேங்க் வாசித்த ஒரு பாட்டை அப்படியே வாசித்தால் மிமிக்ரி. அவர் வாசிக்காத பாட்டை அவர் எப்படி யோசிப்பார் என்று யோசிப்பது வேறு, அங்கே ஒட்டி எழுத விடைத்தாள் கிடையாது, ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியவன் நீதான். சொல்லப்போனால் அப்படியே நகல் எடுப்பதுதான் கஷ்டம். பெர்ரியைப் பற்றி 1987ல் வந்த ‘ஹெயில்! ஹெயில்! ராக் அண்ட் ரோல்’ படத்தில் ஒத்திகைக் காட்சி ஒன்று உண்டு. ‘கரோல்’ பாட்டின் முகப்பில் வருகிற ஒரு பெண்ட் சரியில்லை என்று ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸையே பெர்ரி திரும்பத் திரும்ப நிறுத்துகிறார். கீத் பையனாக இருந்த காலம் முதல் பெர்ரியைக் கேட்டே வளர்ந்தவர். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கிற பையன்.

டேப்எக்கோ எழுதியது:

‘பெடல் கடைசியில் வரவேண்டியது’ என்று பழையஎல்பி சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் திரும்ப வந்தேன்.

கிளிஃபின் முதல் எல்பியைக் கேட்டிருக்கிறீர்களா? 1959 பிப்ரவரியில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ரசிகர்களை அழைத்து உட்கார வைத்து நேரடியாகப் பதிவு செய்தது. பாதிக்கு மேல் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுகள். பின்னணியில் ஹேங்க்தான், அப்போது குழுவின் பெயர் டிரிஃப்டர்ஸ், அமெரிக்காவில் அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் அந்த வருடமே ஷேடோஸ் ஆனது. ஃபெண்டர் இன்னும் வரவில்லை, கையில் இருந்தது அன்டோரியா என்ற மலிவு கிட்டார், எக்கோ மெஷினும் இல்லை. சோலோக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, துடிப்பாக, வேகமாக. ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் அது ஹேங்க் என்று சொல்லமாட்டீர்கள். அமெரிக்க ரெக்கார்டைக் கேட்டு வளர்ந்த ஒரு கெட்டிக்காரப் பதினேழு வயதுப் பையன், அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் கழித்து ‘அப்பாச்சி’. அதே கை, அதே பையன். நடுவில் வந்து சேர்ந்தது ஸ்ட்ராட், எக்கோ, வாக்ஸ் ஆம்ப். எக்கோ மெஷினை வைத்துக்கொண்டு வேகமாக வாசித்தால் என்ன ஆகும் என்று மூணாம்ஃப்ரெட் மேலே எழுதியிருக்கிறாரே, சுரங்கத்து ரயில். அந்த மெஷின் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இடைவெளி விடுவது அவருடைய சுபாவம் என்று மாமா நினைக்கிறார், எனக்கு அது மெஷின் போட்ட கட்டாயமாகத் தெரிகிறது, பிறகு அது பழக்கமாகிவிட்டது. அதனால் பெடலை அணைத்துவிட்டு எந்தச் சுரத்தைத் தூக்குவது என்று உட்கார்ந்து யோசிக்காதீர்கள். பெடலைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள், எது இடிக்கிறதோ அதைத் தூக்குங்கள். அதுவே சொல்லும்.

பழையஎல்பி எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். என் ‘எந்த நாலு’ கேள்விக்கு என்னுடையதைவிட நல்ல பதில் இது.

தோல்வாத்தியம் எழுதியது:

டிரம்ஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று. அந்த பேக்கிங் டிராக்கை முதலில் தூக்கி எறியுங்கள்.

பெர்ரியின் பதிவை நன்றாகக் கவனியுங்கள். ஃபிரெட் பிலோ ப்ளூஸ், ஜாஸ் ஆள், அவர் கை ஸ்விங் பண்ணுகிறது, அரை பீட்டுகள் நொண்டி நொண்டி வரும். பெர்ரியின் கிட்டாரோ பெரும்பாலும் நேர் எட்டாக (அரை பீட்டுகள் சம இடைவெளியில்) ஓடுகிறது, நொண்டாது. இரண்டும் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே போவதில்தான் அந்தப் பாட்டின் சூடு. சரியாக இரண்டையும் பொருத்திவிட்டால் சப்பென்று போய்விடும், இதை நூறு கல்யாண பேண்டில் கேட்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

ஷேடோஸில் இந்த உரசல் கிடையாது. டிரம்ஸ் டோனி மீஹன், பாஸ் ஜெட் ஹாரிஸ், ரிதம் கிட்டார் ப்ரூஸ் வெல்ச் மூவரும் ஒரே கோட்டில் போவார்கள், சீருடை போட்ட மாதிரி. (மேடையிலும் அப்படித்தான், கால் எடுத்து வைப்பதுகூட ஒன்றாக.) ‘அப்பாச்சி’யில் ப்ரூஸ் வாசிப்பது அகௌஸ்டிக் கிட்டார், பெரிய கிப்சன். அந்தச் சரசரப்பு மேலேதான் ஹேங்க் நடக்கிறார். ஆகவே உங்கள் டிராக்கில் பூகி ரிதம், அந்த ‘டங்கு டக்கு டங்கு டக்கு’, இருக்கவே கூடாது. நண்பர் யாரையாவது பிடித்து அகௌஸ்டிக்கில் நேர் எட்டு அடிக்கச் சொல்லுங்கள், இடது கையை லேசாகத் தளர்த்தி, கார்ட் நீளமாக ஒலிக்காமல். டிரம்ஸுக்கு டாம்டாம் போதும், சிம்பலைத் தொடாதீர்கள். நேராக ஆக்கிய பிறகு சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டால், இந்தப் பாட்டில் வராது, வேறு ஏதாவது வரும்.

இன்னொன்று. பெர்ரியின் பதிவில் 12 பாரில் 9, 10ஆம் பார் இரண்டுமே ஐந்தாம் கார்டில்தான் (கீயின் ஐந்தாவது சுரத்தில் கட்டிய கார்டு) நிற்கும். நிறைய டிராக்குகளில் 10ஆம் பாரில் நாலாம் கார்டுக்கு இறக்கிவிடுவார்கள். உங்கள் மெட்டு பெர்ரியின் ரிஃப் என்றால் அங்கே இடிக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணாம்ஃப்ரெட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

012 செட் போட்டேன். முதல் நாள் விரல் நுனி கொப்புளித்துவிட்டது, நட்டில் ஸ்ட்ரிங் உட்காராமல் கடைக்காரரிடம் கொடுத்து அரத்தால் தேய்த்து வாங்க வேண்டியிருந்தது. ஆனால் சொன்னது நிஜம். மூன்றாவது ஸ்ட்ரிங்கை இழுக்கப் போய் அது அசையாமல் என்னைப் பார்த்துச் சிரித்ததும்தான் பெண்ட் இல்லாமல் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

கீ ஏ, வேகம் 140, டிலே 321. முதலில் முகப்பை அப்படியே ஒரு எட்டு கீழே வாசித்தேன், இடித்தது. டேப்எக்கோ சொன்ன மாதிரி இடிக்கிறதை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வேடிக்கை என்னவென்றால், மூன்று நாள் கழித்து மிஞ்சியதை எழுதிப் பார்த்தபோது பெரும்பாலும் பழையஎல்பி சொன்ன வலுவான பீட் சுரங்கள்தான் இருந்தன, ஆனால் எல்லாம் இல்லை. இரண்டு இடத்தில் பீட்டில் விழுகிற சுரம் போய், அதற்கு ஒன்றரை பீட் முந்தைய சுரம் நின்றுவிட்டது, ஏனென்றால் அதன் இரண்டாவது எதிரொலி சரியாகப் போய்ச் சேர்ந்து அந்தப் போன சுரத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது. நான் வாசிக்காத சுரம் கேட்கிறது! அன்று ராத்திரி இரண்டு மணிவரை அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் திட்டு.

பல்லவி யோசனை பாதிதான் வேலை செய்தது. அமுக்கி வாசித்த ‘கோ, கோ’ அருமையாக வந்தது. பதில் வரியை மேல் ஸ்ட்ரிங்கில் திறந்து விட்டபோது கை பழக்க தோஷத்தில் பெர்ரிக்கே போய்விட்டது. எத்தனை தடவை திருத்தினாலும் மூன்றாவது சுற்றில் ஒரு இரட்டை ஸ்ட்ரிங் எட்டிப் பார்த்துவிடும். கடைசியில் பதிலையே எடுத்துவிட்டேன். கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன், எதிரொலி மட்டும் போகிறது, கீழே அகௌஸ்டிக். தோல்வாத்தியம் ‘வேறு ஏதாவது வரும்’ என்று சொன்னது அங்கேதான் வந்தது. அது ஜாலியான பாட்டாக இல்லை. பாட்டில் வருகிற அந்த ஜானிப் பையனை யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மாவந்தேன் கேட்ட ‘நீங்கள் எங்கே’ என்பதை நானும் யோசித்தேன். அந்த எட்டிப் பார்க்கிற இரட்டை ஸ்ட்ரிங்தான் நான் என்று நினைக்கிறேன், அதைத்தான் வெட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நண்பன் அகௌஸ்டிக், டாம்டாமுக்குப் பதில் ஒரு ட்ரங்குப் பெட்டி. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அந்தக் கடைசிச் சுரத்தில் பாரை ரெண்டு தடவை ஆட்டிட்டே. அவர் ஒரு தடவைதான் ஆட்டுவார்” என்றார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நல்லாத்தானே இருந்தது, என்ன பாட்டுடா அது?” என்று கேட்டார். “சக் பெர்ரி அத்தை” என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, “அசல் ரெக்கார்டு உன்கிட்ட இருக்கா?” என்றார்.

டேப்எக்கோ எழுதியது:

இருக்கா?

மூணாம்ஃப்ரெட் எழுதியது:

போனில் போட்டுக் காட்டினேன். ஹோகன் வாசித்த 1946 பதிவையும் சேர்த்து. மாமாவுக்கு ஹோகனைத்தான் பிடித்திருக்கிறது.